மரப்பட்டை வண்டும் வனக் கணக்கும்

(பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில், பொருளாதார மாணவர்களும் அரசு அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் மத்திய அரசு அலுவலர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஊசியிலைக் காடுகளைத் தாக்கும் வண்டுகளைப் பற்றி ரிச்சர்ட்ஸ் டவுனில் வந்து பேசுவானேன் என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். லால்பாகில் ஓங்கி நிற்கும் அரௌகாரியா மரங்களைத் தவிர, இந்நகரத்தாருக்கு ஊசியிலை மரங்களோடு அதிகப் பழக்கம் இல்லை. பைன், தேவதாரு, ஸ்புரூஸ் ஆகியவை இமயமலைக்கும் குளிர் நாடுகளுக்கும் உரியவை. ஆயினும் இப்பொருளை நான் தேர்ந்தெடுத்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. இந்த வண்டுகளின் உறவினங்கள் நம் காப்பித் தோட்டங்களிலும் நடு இந்தியாவின் சால வனங்களிலும் வாழ்கின்றன என்பது முதற்காரணம். வண்டு ஒரு காட்டை அழிக்கும் ஆண்டில் அரசின் வரவு செலவுக் கணக்கு லாபத்தைக் காட்டுகிறது என்ற விந்தை இரண்டாவது காரணம். பொருளாதாரம் பயின்றவன் என்ற முறையில் இந்த இரண்டாவது காரணமே என்னை அதிகம் ஈர்த்தது. அதை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

வண்டின் இயல்பு

மரப்பட்டை வண்டு பெரும்பாலும் ஒரு நெல்மணியை விடவும் சிறியது. ஐரோப்பிய ஸ்புரூஸ் மரத்தைத் தாக்கும் வண்டின் நீளம் சுமார் 5 மில்லிமீட்டர்தான். தாய் வண்டு பட்டையைத் துளைத்து உள்ளே நுழைந்து, பட்டைக்கும் மரத்துக்கும் இடையே ஒரு சுரங்கப் பாதை அமைத்து முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வெளிவரும் புழுக்கள் அப்பாதையிலிருந்து கிளை பிரிந்து, உள்பட்டையைத் தின்றபடி முன்னேறுகின்றன. இலைகளில் உருவாகும் உணவு வேருக்குச் செல்வது இந்த உள்பட்டை வழியாகத்தான். புழுக்களின் பாதைகள் மரத்தைச் சுற்றி வந்துவிட்டால், வேருக்கு உணவு நின்றுவிடுகிறது. வண்டு தன் உடலோடு கொண்டுவரும் பூஞ்சை, நீர் ஏறும் குழாய்களையும் அடைத்துவிடுகிறது. பச்சையாக இருந்த ஊசியிலைகள் மஞ்சளாகி, செந்நிறமாகி, இறுதியில் உதிர்ந்துபோகின்றன.

மரமும் வெறுமனே நின்று சாவதில்லை. உடல்வலுவுள்ள பைன் மரம், வண்டு துளையிட்டவுடன் அத்துளையின் வழியே பிசினைப் பொழிந்து வண்டை மூழ்கடித்துவிடும். ஒன்றிரண்டு வண்டுகளால் அதனை வெல்ல முடியாது. ஆனால் முதலில் நுழைந்த வண்டு ஒருவகை மணத்தை வெளியிட்டுத் தன் இனத்தாரை அழைக்கிறது. ஆயிரக்கணக்கில் அவை ஒரே மரத்தின்மீது வந்து விழும்போது, மரத்தின் பிசின் இருப்பு தீர்ந்துபோகிறது. அதன்பின் மரம் வண்டுகளின் வசமாகிறது.

எனவே இது பெரும்பாலும் எண்ணிக்கையைப் பொறுத்த போராட்டம் எனலாம். வண்டுகள் குறைவாக இருக்கும் காலத்தில் அவை காற்றில் விழுந்த மரங்களிலும், நோயுற்ற மரங்களிலும் மட்டுமே பெருகுகின்றன. மட்கவேண்டிய மரத்தை மட்கச் செய்யும் துப்புரவுப் பணியாளராக அவை காட்டுக்கு உதவியும் செய்கின்றன. மரங்கங்கொத்திகளுக்கும் அவை இரை. ஆனால் வறட்சியால் மரங்கள் தளர்ந்திருக்கும்போது, அல்லது ஒரு புயலில் ஏராளமான மரங்கள் சாய்ந்து கிடக்கும்போது, அவற்றின் தொகை ஓர் எல்லையைத் தாண்டிவிடுகிறது. அந்த எல்லைக்கு அப்பால் நலமான மரமும் தப்புவதில்லை. எல்லைக்கு இப்பால் சிறு செலவில் செய்யக்கூடிய காரியத்தை, எல்லைக்கு அப்பால் எவ்வளவு பொருள் கொட்டினாலும் செய்ய இயலாது. இந்த ஓர் உண்மையை மாணவர்கள் மனத்தில் இருத்திக்கொண்டால், நான் இனிச் சொல்லப்போவது எளிதில் விளங்கும்.

பிற நாடுகளின் அனுபவம்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் 1990களில் தொடங்கிய மலைப்பைன் வண்டின் பெருக்கம், பத்தாண்டுகளுக்கு மேல் நீடித்தது. பாதிப்புற்ற பரப்பு சுமார் 1 கோடியே 80 லட்சம் ஹெக்டேர். நம் கர்நாடக மாநிலத்தின் மொத்தப் பரப்பே ஏறத்தாழ 1 கோடியே 92 லட்சம் ஹெக்டேர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அளவு புலனாகும். இதற்கு இரண்டு காரணங்களை அறிஞர்கள் முதன்மையாகக் கூறுகின்றனர். காட்டுத் தீயைப் பல பத்தாண்டுகள் விடாது அணைத்து வந்ததால், ஒரே வயதுடைய முதிர்ந்த பைன் மரங்கள் பரந்த நிலப்பரப்பில் இடைவெளியின்றி நின்றன. மைனஸ் 40 டிகிரியை நெருங்கும் கடுங்குளிர் சில நாள்கள் நீடித்தால்தான் பட்டைக்கடியில் உள்ள புழுக்கள் மடியும். குளிர்காலம் மென்மையானதால் அவை பிழைத்துக்கொண்டன. மாநில அரசு வெட்டும் அளவை உயர்த்தியது. மர ஆலைகள் சிறிது காலம் இரவு பகலாக இயங்கின. பட்ட மரங்கள் தீர்ந்தபின் பல ஆலைகள் மூடப்பட்டன. அவற்றை நம்பியிருந்த சிற்றூர்கள் வேலை இழந்தன. கரியமிலவாயுவை ஈர்த்து வந்த அக்காடு, அதனை வெளிவிடும் காடாக மாறியதென்று 2008ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது.

செக் நாட்டின் கதை வேறு வகையானது. அங்கு இயற்கையில் கலப்பு மரங்கள் வளர்ந்த தாழ்நிலங்களில், விரைவில் வளர்ந்து நல்ல விலை தரும் என்பதற்காக ஸ்புரூஸ் மரத்தை மட்டும் தலைமுறை தலைமுறையாக நட்டுவந்தனர். 2015 முதல் வறட்சி தொடர்ந்து வந்தது. 2018ஆம் ஆண்டின் வறட்சி நிலைமையைக் கைமீறச் செய்தது. 2020ஆம் ஆண்டில் அந்நாட்டில் வெட்டப்பட்ட மரம் சுமார் 3.5 கோடி கன மீட்டர். இது வழக்கமான அளவைப் போல ஏறத்தாழ இருமடங்கு. அதில் மிகப் பெரும்பகுதி வண்டு, வறட்சி, புயல் ஆகியவற்றால் வேறு வழியின்றி வெட்டியதாகும். எல்லோரும் ஒரே நேரத்தில் மரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்ததால் விலை சரிந்தது. சில இடங்களில் வெட்டுகூலிக்கும் கட்டவில்லை.

இவற்றுக்கு மாறான ஓர் அனுபவமும் உண்டு. ஜெர்மனியின் பவேரிய வனத் தேசியப் பூங்காவில் 1983ஆம் ஆண்டு புயலில் சாய்ந்த மரங்களை அகற்றாமல் விட்டுவிடுவதென்று முடிவு செய்யப்பட்டது. 1990களில் ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் முதிர்ந்த ஸ்புரூஸ் மரங்கள் வண்டால் பட்டுப்போயின. சுற்றுப்புற மக்கள் கடுமையாக எதிர்த்தனர். ஆனால் பட்ட மரங்களின் நிழலில் இளங்கன்றுகள் தாமாகவே முளைத்து, முன்னிலும் கலப்பான காடாக எழுந்தன. அதே வேளையில், பூங்காவின் எல்லையோரத்தில் வண்டு தாக்கிய மரங்களை உடனுக்குடன் அகற்றி, பக்கத்துத் தனியார் காடுகளைக் காத்தனர். காட்டின் நோக்கம் என்ன என்பதைப் பொறுத்தே வெட்டுவதா விடுவதா என்ற விடையும் அமையும் என்பது இதிலிருந்து நாம் பெறும் படிப்பினை.

இமயமலையும் பூட்டானும்

நம் நாட்டில் இத்துறை புதியதன்று. டேராடூனில் 1906ஆம் ஆண்டு வன ஆராய்ச்சி நிலையம் தோன்றிய நாள்தொட்டு வனப்பூச்சிகளைப் பற்றிய ஆய்வு அங்கு நடந்துவருகிறது. இந்திய வனங்களின் வண்டினங்களைப் பற்றி ஸ்டெப்பிங் எழுதிய பெருநூல் 1914இல் வெளிவந்தது. பீசன் எழுதிய வனப்பூச்சி நூல் 1941இல் வெளிவந்து, இன்றும் எடுத்துப் பார்க்கப்படுகிறது. சிர் பைன் மரத்தையும் தேவதாருவையும் தாக்கும் பட்டை வண்டுகள் எவை, அவை எப்போது பெருகும் என்பதெல்லாம் அக்காலத்திலேயே பதிவாகிவிட்டன.

சிர் பைன் மரத்தின் நிலைமை குறிப்பாகக் கருதத்தக்கது. அதன் பிசினிலிருந்து டர்பன்டைனும் ரோசினும் கிடைக்கின்றன. மலைமாநிலங்களுக்கு இது வருவாய். மலைவாழ் மக்களுக்கு இது வேலைவாய்ப்பு. ஆனால் வண்டை எதிர்க்க மரம் வைத்திருக்கும் ஆயுதமும் அப்பிசினே. அடிமரத்தை ஆழமாகச் செதுக்கிப் பிசின் எடுக்கும் பழைய முறையில், செதுக்கிய காயத்தில் தீயும் எளிதில் பற்றுகிறது. வெந்த மரத்தை வண்டு நாடுகிறது. காயத்தின் ஆழத்தைக் குறைக்கும் புதிய முறைகளை நம் ஆராய்ச்சியாளர்கள் புகுத்தியதன் பொருளாதார முக்கியத்துவம் இதுதான். அளவோடு எடுத்தால் பிசின் வட்டி போன்றது. அளவு மீறினால் முதலையே எடுத்துச் செலவு செய்வதற்கு ஒப்பாகும்.

நம் அண்டை நாடான பூட்டானில் 1980களின் தொடக்கத்தில் ஸ்புரூஸ் காடுகளில் பட்டை வண்டு பெருமளவில் பரவியது. ஆஸ்திரிய நாட்டு வனவியல் அறிஞர்கள் உதவிக்கு வந்தனர். அழிவுக்குக் காரணமான வண்டு அறிவியலுக்குப் புதிய இனமென்று தெரியவந்து, அதனை ஆராய்ந்த ஆஸ்திரிய அறிஞரின் பெயரே அதற்கு இடப்பட்டது. நாட்டின் நிலப்பரப்பில் 60 விழுக்காடு எக்காலத்தும் வனமாக இருக்கவேண்டும் என்று 2008ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில் எழுதிக்கொண்ட நாடு பூட்டான். அத்தகைய நாட்டுக்கும், வனத்தின் பரப்பைக் காத்தால் மட்டும் போதாது, அதன் உடல்நலத்தையும் காக்கவேண்டும் என்பதை இச்சிறு வண்டு உணர்த்தியது.

சால வனங்களின் பாடம்

நம் நாட்டில் வண்டால் நேர்ந்த மிகப் பெரிய வனச்சேதம் ஊசியிலைக் காடுகளில் நேரவில்லை. அது மத்தியப் பிரதேசத்தின் சால வனங்களில் நேர்ந்தது. சால மரத்தின் வைரத்தைத் துளைக்கும் வண்டு, பட்டை வண்டுகளின் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. நீண்ட உணர்கொம்புகளைக் கொண்ட வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. விரல் நீளம் வளரக்கூடியது. ஆனால் அதன் போக்கு நான் மேலே கூறிய அதே போக்குத்தான். சாதாரண காலத்தில் வெட்டிப்போட்ட மரத்திலும் நலிந்த மரத்திலும் வாழும். எண்ணிக்கை மிகும்போது நலமான மரத்தையும் தாக்கும்.

தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் இவ்வண்டுகள் மரத்திலிருந்து வெளிவருகின்றன. தாய் வண்டு பட்டையின் வெடிப்புகளில் முட்டையிடுகிறது. புழு முதலில் உள்பட்டையையும், பிறகு வெளிமரத்தையும் தின்று, இறுதியில் வைரத்துக்குள் புகுந்துவிடுகிறது. மரத்தின் அடியில் மரத்தூள் குவியத் தொடங்கும்போதுதான் வனக் காவலர் கண்ணுக்கு அது தென்படுகிறது. 1920களில் மண்ட்லா பகுதியில் இவ்வண்டு பேரழிவு விளைவித்தது. 1990களின் பிற்பகுதியில் மண்ட்லா, டிண்டோரி, பாலாகாட் முதலிய மாவட்டங்களில் மீண்டும் பெருகி, லட்சக்கணக்கான சால மரங்களைத் தாக்கியது.

அக்காலத்தில் கையாண்ட தடுப்புமுறை நம் நாட்டின் சொந்த அனுபவத்திலிருந்து எழுந்தது. மழை தொடங்கியவுடன் சில மரங்களை வெட்டித் துண்டுகளாக்கி, பட்டையை அடித்து நைத்துக் காட்டில் ஆங்காங்கே போடுவார்கள். கசியும் சாற்றின் மணத்தை நாடி வண்டுகள் வெகு தொலைவிலிருந்தும் வந்து, சாற்றைக் குடித்து மயங்கிக் கிடக்கும். கிராம மக்கள் அவற்றைப் பிடித்து, தலைகளைக் கிள்ளி எண்ணிக்கைக்குக் கொடுத்துக் கூலி பெறுவார்கள். இம்முறையில் கோடிக்கணக்கான வண்டுகள் பிடிக்கப்பட்டன. இரை மரங்களை உரிய நாளில் புதுப்பிக்காவிட்டால் அவையே வண்டுக்கு முட்டையிடும் இடமாகிவிடும் என்பதால், இதற்கு இடைவிடாத மேற்பார்வை தேவை. கோண்டு, பைகா மக்களின் கூரிய கண்ணும் உழைப்பும் இன்றி இது நடந்திருக்காது.

அடுத்து எழுந்த கேள்வி கடினமானது. தாக்குண்ட மரங்களில் எவற்றை வெட்டுவது? முற்றிலும் பட்டுப்போன மரத்தை வெட்டுவதில் யாருக்கும் மாறுபட்ட கருத்தில்லை. சிறிதளவே தாக்கப்பட்ட மரம் பிசினைச் சுரந்து புழுவைக் கொன்று பிழைத்துக்கொள்ளக்கூடும். அதனையும் சேர்த்து வெட்டினால் வண்டை ஒழிப்பதாகுமா, வண்டின் பெயரால் காட்டை விற்பதாகுமா? வனச் செயல்திட்டத்துக்குப் புறம்பாக மரம் வெட்டுவதை உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12ஆம் நாள் கோதாவர்மன் வழக்கில் தடுத்திருந்த காலம் அது. எனவே சால மரங்களை வெட்டுவது பற்றிய கேள்வியும் அந்நீதிமன்றம் வரை சென்றது. வனத்துறையினர் விரைந்து வெட்ட விரும்பியதிலும் நியாயம் இருந்தது. அடுத்த மழைக்குள் அகற்றாத மரம் அடுத்த தலைமுறை வண்டைப் பறக்கவிடும். அச்சம் கொண்டு தடுத்தவர்களிடமும் நியாயம் இருந்தது. மரம் விற்றால் பணம் வரும் இடத்தில், நோயைக் கண்டறியும் கண்ணும் சற்றுத் தாராளமாகிவிடும். இவ்விரு நியாயங்களுக்கும் இடையே தீர்ப்பளிக்க ஒரு நல்ல கணக்கு தேவைப்பட்டது. அத்தகைய கணக்கு நம்மிடம் இல்லை.

கணக்கில் வராத இழப்பு

ஓர் எடுத்துக்காட்டின் மூலம் இதை விளக்குகிறேன். இது கற்பனைக் கணக்கு. எந்த வனக்கோட்டத்தையும் குறிப்பதன்று. ஒரு காட்டில் 10,000 முதிர்ந்த மரங்கள் உள்ளன. ஒரு மரத்தின் மதிப்பு 10,000 ரூபாய் என்று கொண்டால், காட்டின் இருப்பு மதிப்பு 10 கோடி ரூபாய். ஆண்டுதோறும் வளர்ச்சிக்கு ஈடாக 20 லட்சம் ரூபாய் மதிப்புள்ள மரம் வெட்டப்படுகிறது. விழுந்த மரங்களை அகற்றவும், வண்டைக் கண்காணிக்கவும் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் செலவாகிறது. ஆகவே வழக்கமான ஆண்டில் நிகர வரவு 18 லட்சம் ரூபாய்.

சிக்கன நடவடிக்கையாக அந்த 2 லட்சம் ரூபாய் நிறுத்தப்படுகிறது. முதல் ஆண்டு ஒன்றும் நேர்வதில்லை. இரண்டாம் ஆண்டும் ஒன்றும் நேர்வதில்லை. நிகர வரவு 20 லட்சமாக உயர்ந்ததைப் பாராட்டிக் குறிப்பும் எழுதப்படுகிறது. பத்தாம் ஆண்டு வறட்சி வருகிறது. வண்டு பெருகி 3,000 மரங்கள் பட்டுப்போகின்றன. சந்தையில் மரம் குவிந்துவிடுவதால் பாதி விலைக்கே விற்கிறது. வரவு 1 கோடியே 50 லட்சம். வெட்டுகூலி, ஏற்றுகூலி எல்லாம் சேர்ந்து 30 லட்சம் போக, நிகர வரவு 1 கோடியே 20 லட்சம் ரூபாய். அந்தக் காட்டின் வரலாற்றிலேயே மிகப் பெரிய வரவு இதுவாக இருக்கும்!

இப்போது இருப்புக் கணக்கைப் பாருங்கள். 10 கோடி ரூபாய் மதிப்புள்ள காடு 7 கோடி ரூபாய்க்கு இறங்கிவிட்டது. 3 கோடி ரூபாய் சொத்தை இழந்து 1 கோடியே 20 லட்சம் ரூபாய் பெற்றிருக்கிறோம். நிகர இழப்பு 1 கோடியே 80 லட்சம். ஆண்டுக்கு 2 லட்சம் வீதம், 90 ஆண்டுகளுக்குப் போதுமான தடுப்புச் செலவு இது. பத்தாண்டில் நாம் மிச்சப்படுத்தியதோ 20 லட்சம். ‘எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம்’ என்று நம் நாட்டில் ஒரு பழமொழி உண்டு. பிடுங்கியதை மட்டும் வரவில் எழுதி, எரிந்த வீட்டை எங்கும் எழுதாத ஒரு பேரேட்டை நாம் வைத்திருக்கிறோம்.

இதில் யாரும் பொய்க்கணக்கு எழுதவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். ரொக்க வரவு செலவுக் கணக்கின் இயல்பே இது. தொழிற்சாலையில் இயந்திரம் தேய்ந்தால் தேய்மானம் எழுதுகிறோம். காட்டுக்குத் தேய்மானப் பத்தி இல்லை. எனவே தடுப்புக்குப் பணம் கேட்கும் அலுவலர் செலவாளியாகத் தெரிகிறார். பட்ட மரத்தை விற்கும் அலுவலர் வருவாய் ஈட்டியவராகத் தெரிகிறார். திருத்திய மதிப்பீட்டுக் காலத்தில் முதலில் வெட்டுப்படுவது இத்தகைய பராமரிப்பு இனங்களே என்பதை என் பணிக்காலத்தில் பல கோப்புகளில் கண்டிருக்கிறேன். ‘சென்ற ஆண்டு எத்தாக்குதலும் இல்லை, ஆகவே இவ்வாண்டு ஒதுக்கீடு தேவையில்லை’ என்ற குறிப்பைப் படிக்கும்போது, தாக்குதல் இல்லாமற்போனதே அந்த ஒதுக்கீட்டின் பயனாக இருக்கலாமே என்று தோன்றும்.

மேலும், என் எடுத்துக்காட்டில் நான் மரத்தின் சந்தை மதிப்பை மட்டுமே எழுதினேன். சால இலையைத் தைத்து விற்கும் பெண்ணின் வருவாய், சால விதை பொறுக்கும் குடும்பத்தின் வருவாய், ஓடையில் கோடையிலும் ஓடும் நீர், மலைச்சரிவில் நிற்கும் மண் ஆகியவை அதில் இல்லை. மரம் விற்ற பணம் கருவூலத்துக்குச் செல்கிறது. இந்த இழப்புகள் காட்டோரக் கிராமத்தில் தங்கிவிடுகின்றன. இழப்பவர் ஒருவராகவும் பெறுபவர் மற்றொருவராகவும் இருக்கும்போது, கணக்கின் குறை நியாயத்தின் குறையாகவும் ஆகிவிடுகிறது.

காப்பித் தோட்டம் காட்டும் வழி

இழப்பும் பொறுப்பும் ஒரே கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதைக் காண, பெங்களூரிலிருந்து ஒரு நாள் பயணத் தொலைவில் உள்ள சிக்கமகளூருக்கோ குடகுக்கோ செல்லலாம். அராபிகா காப்பிச் செடியின் பெரும் பகை வெண்தண்டுத் துளைப்பான். அதுவும் சால வண்டின் குடும்பத்தைச் சேர்ந்ததே. நிழல் குறைந்த தோட்டத்தில், வெயில் படும் தண்டுகளை அது விரும்பித் தாக்குகிறது. வண்டு பறக்கும் பருவத்துக்கு முன்பே செடிசெடியாகத் தண்டைப் பார்த்து, மேடு விழுந்த தண்டுள்ள செடியைப் பிடுங்கி எரித்துவிடவேண்டும் என்று பாலெஹொன்னூரில் உள்ள மத்திய காப்பி ஆராய்ச்சி நிலையத்தார் அறிவுறுத்துகின்றனர். மரப்பட்டை வண்டுக்கு மிக நெருங்கிய உறவினமான காப்பிக் காய்த் துளைப்பான், 1990ஆம் ஆண்டு நீலகிரி மாவட்டத்தின் கூடலூர்ப் பகுதியில் முதன்முதலாக நம் நாட்டில் காணப்பட்டது. அதற்கும் முதன்மையான மருந்து தோட்டத் துப்புரவுதான். செடியிலும் தரையிலும் ஒரு காயும் எஞ்சாமல் பறித்துப் பொறுக்கிவிடுவது.

தோட்டக்காரர் இதையெல்லாம் செய்கிறார். ஏனெனில் செடி அவருடையது. அதன் சாவு அவர் கணக்கில் விழுகிறது. அவருக்கும் தயக்கம் உண்டு. இன்னும் ஓர் அறுவடை தரக்கூடிய செடியைப் பிடுங்க மனம் வருவதில்லை. சிறு விவசாயிக்குக் கூலியும் கட்டுவதில்லை. பக்கத்துத் தோட்டக்காரர் செய்யாவிட்டால் இவர் செய்ததும் வீணாகும். எனவே தனியுடைமை எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. இழப்பைக் கண்ணால் காண்பவர் தடுப்புக்குச் செலவிடத் தயங்குவது குறைவு என்று மட்டும் சொல்கிறேன். பொதுச்சொத்தான வனத்துக்கு அந்தக் கண்ணைக் கணக்கேடுதான் தரமுடியும்.

செய்யத்தக்கவை

இதுகாறும் கூறியவற்றிலிருந்து சில யோசனைகளை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவதாக, ஒவ்வொரு வனக்கோட்டத்துக்கும் ரொக்கக் கணக்கோடு ஓர் இருப்புக் கணக்கும் வேண்டும். ஆண்டின் தொடக்கத்தில் இருந்த மரம், வளர்ந்தது, வெட்டியது, பட்டுப்போனது, ஆண்டின் இறுதியில் எஞ்சியது என்று ஐந்து பத்திகள் போதும். இயற்கை வளங்களைக் கணக்கிடும் முறையை ஐக்கிய நாடுகள் நிறுவனம் 2012இல் ஏற்றுக்கொண்டது. நம் நாட்டின் புள்ளியியல் அமைச்சகம் 2018 முதல் சுற்றுச்சூழல் கணக்குகளை வெளியிட்டுவருகிறது. தேசிய அளவில் தொடங்கிய இப்பணி வனச்சரகம் வரை இறங்கி வரவேண்டும்.

இரண்டாவதாக, வண்டு தாக்கிய மரத்தை விற்ற பணத்தைச் சாதாரண வருவாயாகக் கருதலாகாது. அது முதலின் ஒரு பகுதி. அதே காட்டின் மறுவளர்ச்சிக்கும், இழப்புற்ற கிராமங்களுக்கும் அது திரும்பவேண்டும். அவ்வாறு செய்தால், தேவைக்கு மேல் வெட்டும் ஆசையும் தானே அடங்கும்.

மூன்றாவதாக, கண்காணிப்புச் செலவைத் திருத்திய மதிப்பீட்டின் கத்தரிக்கு அப்பாற்பட்ட இனமாக ஆக்கவேண்டும். செயற்கைக்கோள் படம் காட்டின் மேலாடையைக் காட்டும். பட்டைக்கடியில் இருக்கும் புழுவைக் காட்டாது. இலை சிவக்கும்போது வண்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டிருக்கும். மரத்தடியில் குவியும் தூளை முதலில் காண்பவர் வனக் காவலரும், 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தால் தம் காட்டைக் காக்கும் உரிமை பெற்ற கிராமத்தாருமே. காவலர் பணியிடங்களை நிரப்புவதும், தகவல் தரும் கிராமத்தாருக்கு ஊதியம் தருவதும் பூச்சியியல் நடவடிக்கைகளே.

நான்காவதாக, ஒரே இன மரத்தை ஒரே வயதில் பரந்த அளவில் நடும் திட்டங்களை மதிப்பிடும்போது, எதிர்பார்க்கும் வருவாயோடு இத்தகைய பேரழிவின் வாய்ப்பையும் சேர்த்து மதிப்பிடவேண்டும். கலப்புக் காட்டின் வருவாய் சற்றுக் குறைவாகத் தோன்றலாம். அந்தக் குறைவைக் காப்பீட்டுத் தவணையாகக் கருதவேண்டும்.

ஐந்தாவதாக, எந்தக் காட்டில் வெட்டி அகற்றுவது, எந்தக் காட்டில் இயற்கையின் போக்கில் விடுவது என்பதை வண்டு வருவதற்கு முன்பே செயல்திட்டத்தில் எழுதிவைக்கவேண்டும். மரம் பட்டுக்கொண்டிருக்கும்போது, வணிகர் ஒருபுறமும் வழக்கு மறுபுறமும் இழுக்கும் நிலையில் எடுக்கும் முடிவு, சரியானதாக இருந்தாலும் எவரும் நம்பாத முடிவாகிவிடும்.

இவற்றையெல்லாம் செய்தாலும் வண்டு ஒருபோதும் பெருகாது என்று உறுதிகூற முடியாது. தொடர்ந்து வரும் வறட்சியையும் உயர்ந்துவரும் வெப்பத்தையும் எந்த வனக்கோட்டமும் தனியே தடுத்துவிட இயலாது. கனடாவையும் செக் நாட்டையும் போன்று பொருள்வளமும் பொறிவளமும் மிக்க நாடுகளே தோல்வி கண்டிருக்கின்றன. ஆனால் தாக்குதல் வரும்போது காடு வலுவோடு நிற்கிறதா, தளர்ந்து நிற்கிறதா என்பதில் நம் பங்கு உண்டு. அந்தப் பங்கின் விலை பெரும்பாலும் சிறியது, ஆண்டுதோறும் தரவேண்டியது, தந்ததன் பயன் கண்ணுக்குத் தெரியாதது. அரசாங்கங்கள் தர மறந்துவிடுவதற்கு ஏற்ற எல்லா இலக்கணங்களும் அதற்கு உண்டு.

இங்குள்ள மாணவர்களில் சிலர் நாளை நிதித்துறையிலும் திட்டத்துறையிலும் அமரக்கூடும். ஒரு வனக்கோட்டத்தின் வருவாய் திடீரென்று பன்மடங்கு உயர்ந்திருப்பதாகக் கோப்பு ஒன்று உங்கள் மேசைக்கு வரும். பாராட்டுக் குறிப்பு எழுதுவதற்கு முன், எத்தனை மரம் எஞ்சியிருக்கிறது என்று ஒரு வரி கேட்டு அக்கோப்பைத் திருப்பி அனுப்புங்கள்.